டாக்டர் சுப்பாராவ்

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி முருகனைத் தரிசிக்க வந்து, முதற்படியிலேயே நின்றுவிடும் அன்பர்களை நாம் கண்டதுண்டு. அவர்களிற் பலர் மூப்பினால் முழங்கால் தேய்ந்தவர்கள். ஆனால் நடுவயதிலேயே, காலையில் எழுந்தவுடன் விரல்களை மடக்க இயலாமல், மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கி வருந்துவோரும் உளர். இது முடக்குவாதம், உடலைக் காக்க வேண்டிய சக்தியே தடம் புரண்டு மூட்டுகளைத் தாக்குவதால் விளைவது. இவ்வியாதிக்கு இன்று உலகெங்கும் முதன்மையாக வழங்கும் மருந்து, சென்னையில் வைத்தியம் பயின்ற ஒரு கதர் பக்தரின் ஆராய்ச்சிசாலையில் உதித்தது. எல்லாப்பிரகட சுப்பாராவின் பெயரை அறிந்தோரும் அவரை இவ்வியாதியுடன் சேர்த்து நினைப்பதில்லை.

1895-ல் பீமவரத்தில் அவர் பிறந்தபோது, அவ்வூரும் திருத்தணியும் ஒரே சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்தன. 1960-ல் திருத்தணி ஆந்திரத்தினின்று பிரிந்து நம்முடன் சேர்வதற்குள் நிகழ்ந்த எல்லைச் சச்சரவுகளை அவர் காணவில்லை. மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறியவர் அவர். வைத்தியக் கல்லூரியில் அவர் இழைத்த பெருங்குற்றம், காந்தியடிகளின் கட்டளைப்படி கதர் அங்கி தரித்து ரண சிகிச்சை வகுப்புக்குச் சென்றதுதான். வெள்ளைக்காரப் பேராசிரியர் வெகுண்டார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். கிட்டியது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அதனால் ஒரு வைத்தியர் நஷ்டம். உலகத்துக்கு லாபம் என்றே நாம் கணக்கிடுகிறோம்.

சில காலம் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு போதித்துவிட்டு, 1922-ல் அமெரிக்கா சென்றார். மனைவியை மறுபடியும் அவர் காணவேயில்லை. பாஸ்டனில் ஆஸ்பத்திரி ஏவலாளாக உழைத்து வயிறு வளர்த்தார். ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். தசைகளின் சக்தியைப் பற்றிய பெரும் உண்மைகளையும் கண்டார். எனினும் அங்கே நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-ல் லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் அமர்ந்தார்.

அங்கே அவருடைய கூட்டத்தார், உயிரணுக்கள் பெருகுவதற்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். பிறகு அதன் உருவைச் சிறிது மாற்றி, அதற்கே பகையான மருந்துகளையும் சமைத்தனர். அவற்றுள் ஒன்றைக்கொண்டு ஸிட்னி ஃபார்பர் என்னும் வைத்தியர், ரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குச் சிறிது காலமேனும் நிவாரணம் அளித்தார். மற்றொன்றே இன்று மெதோட்ரெக்ஸேட் எனப்படுவது.

1948 ஆகஸ்டில், ஐம்பத்துமூன்றாம் வயதில், சுப்பாராவ் காலமானார். ஆறு வாரங்கள் கழித்து, ஸெப்டம்பர் 21-ல், மேயோ ஆஸ்பத்திரியில் பிலிப் ஹெஞ்ச் முடக்குவாதத்தால் நடமாட்டம் குன்றிய ஒரு பெண்ணுக்குப் பிற்காலத்தில் கார்டிஸோன் எனப்பட்ட ஸ்டீராய்டை முதன்முதல் ஊசி வழியே செலுத்தினார். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். உலகம் வியந்தது, 1950-ல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் நாட்பட உண்டவர்க்கு முகம் பருத்தது, எலும்பு இளைத்தது, நீரிழிவும் தொற்று நோய்களும் எளிதில் பற்றின. கார்டிஸோனின் ஒளியிலே, சுப்பாராவின் மருந்தினத்தை முடக்குவாதத்துக்கு 1951-ல் அளித்துப் பார்த்த குப்னரின் குரல் பலர் செவியில் ஏறவில்லை. அமெரிக்க சர்க்கார் மெதோட்ரெக்ஸேட்டை இவ்வியாதிக்கு அங்கீகரித்தது 1988-லேதான்.

இன்றும் ஸ்டீராய்டை வைத்தியர்கள் தள்ளிவிடவில்லை. மெதோட்ரெக்ஸேட் வேலை செய்யப் பல வாரங்கள் செல்வதால், அதுவரை வேதனையைத் தாங்க அதனைக் குறைந்த அளவில் கொடுத்துப் பின்னர் படிப்படியாகக் குறைக்கின்றனர். மருந்துக் கடையில் தாமே வாங்கியும், ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்த பொடிகளை நம்பியும் ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர் மீதே நமக்குக் கவலை. அவர்களும் திடீரென நிறுத்தலாகாது, அதுவே ஆபத்து. மெதோட்ரெக்ஸேட்டும் விளையாட்டுப் பொருளன்று. வாரம் ஒருநாள் மட்டுமே உண்பது. தினந்தோறும் உண்டால் உயிருக்கே உலை. கருவுற்ற மாதருக்கு ஆகாது. ரத்தத்தையும் ஈரலையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். அதன் உபத்திரவத்தைத் தணிக்க, பெரும்பாலும் அதனை உண்ணாத வேறொரு நாளில், வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை ஒன்றுண்டு. அது சுப்பாராவின் கூட்டத்தார் முதலில் ஆக்கிய அந்த ஃபோலிக் அமிலமே.