பனிநீரில் இருந்து மீட்ட படங்கள்

குளிர்நாடுகளில் வாழும் நண்பர்கள், வெளியில் நின்று படம் எடுக்க எந்தக் கையுறை நல்லது என்று என்னைக் கேட்பதுண்டு. உள்ளே மெல்லிய கம்பளி உறை, மேலே விரல்நுனியைத் திறந்து மூடக்கூடிய தடித்த உறை என்பேன். தடித்தது மட்டும் என்றால் கமராவின் பொத்தான் பிடிபடாது. மெல்லியது மட்டும் என்றால் விரல் விறைத்துவிடும். அப்போதெல்லாம் பிராங்க் ஹேர்லியை நினைப்பேன்.

1885இல் சிட்னியில் பிறந்தவர். 1914இல் சேக்கிள்டனின் அந்தாட்டிக்கா பயணத்தில் படப்பிடிப்பாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் உறைந்த கடலில் சிக்கி நொறுங்கியது. ஹேர்லி கையுறையை மட்டுமல்ல, மேலுடையையும் கழற்றிவிட்டு, கப்பலுக்குள் புகுந்த பனிநீரில் இறங்கினார். தகரப் பெட்டிகளில் இருந்த கண்ணாடித் தகடுகளை மீட்டார்.

எல்லாவற்றையும் சுமக்க வழியில்லை. சேக்கிள்டனும் அவரும் பனிமேல் அமர்ந்து ஏறத்தாழ 120 தகடுகளைத் தெரிந்தெடுத்தனர். பிறகு மனம் மாறிவிடக் கூடாதென்று, மிகுதி 400 அளவானவற்றை அங்கேயே உடைத்தனர். ஒரு சிறிய கொடக் கமராவும் 3 படச்சுருள்களுமே அவரிடம் மிஞ்சின. 1916 ஓகஸ்ட் 30இல் எலிபன்ட் தீவில் இருந்து மீட்கப்பட்டார்.

1962இல் காலமானார். அந்தப் பயணத்தின் காட்சிகள் பலவற்றை நாம் இன்றும் காண்பது அந்த 120 தகடுகளால்தான். ஓடும் அவசரத்தில் எந்தப் படத்தை எடுப்பது, எதை விடுவது என்று தவித்தவர்களுக்கு, உடைத்த 400இன் பாரமும் விளங்கும்.