மைக்கேல் பரடேயும் கடலடிக் கம்பியும்

மைக்கேல் பரடே 1791 செப்டெம்பர் 22 ஆம் திகதி இலண்டனுக்கு அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். தகப்பன் நோயாளி. வீட்டில் வறுமை. சிறுவயதில் ஒரு முழுக் கிழமைக்கும் ஒரு பாண்தான் அவர் பங்காகக் கிடைத்த காலமும் உண்டு. 14 வயதில் புத்தகம் கட்டும் கடையொன்றில் வேலை பழகச் சேர்ந்தார். கட்ட வந்த கலைக்களஞ்சியத்தில் மின்னியல் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு, மிச்சம் பிடித்த சில்லறையில் சிறு கருவிகள் செய்து பார்த்தார்.

1812 இல் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே அழகாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு டேவியின் உதவியாளரானார். 1831 இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டல் எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. நாம் அதிகம் பேசாதது கொள்ளளவி பற்றிய அவருடைய வேலை.

அக்காலத்துக் கொள்ளளவி லெய்டன் சாடி: உள்ளும் புறமும் உலோகத் தாள் ஒட்டிய கண்ணாடிப் போத்தல். மின்னேற்றத்துக்கு உலோகமே முக்கியம், இடையிலுள்ள கண்ணாடி வெறும் தடுப்பு என்றே பலர் எண்ணினர். பரடேக்கு அது சரியாகப் படவில்லை. 1837 இல், ஒன்றினுள் ஒன்றாக அமைந்த பித்தளைக் கோளங்களால் ஒரே அளவான இரு கருவிகள் செய்தார். ஒன்றில் இடைவெளி முழுவதும் காற்று. மற்றதில் ஒரு பகுதிக்கு அரக்கு. ஒன்றை மின்னேற்றி மற்றதுடன் தொடுத்தபோது ஏற்றம் சரிபாதியாகப் பிரியவில்லை. அரக்கு வைத்த கருவி கூடுதலாக எடுத்துக்கொண்டது. ஆகவே இடையிலுள்ள பொருளும் வேலை செய்கிறது. இன்று நாம் அதை மின்னுழையம் என்கிறோம்.

கொள்ளளவி ஏறுவதற்கு நேரம் வேண்டும். அடியில் ஒரு குழாயால் தொடுத்த இரு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வெறுந்தொட்டிக்குள் முதலில் தண்ணீர் பாய்ந்து போகும். மட்டங்கள் நெருங்க நெருங்க ஓட்டம் மெலியும். கொள்ளளவியிலும் அப்படியே: ஏற்றம் சேரச் சேரத் தகடுகளின் அழுத்த வேறுபாடு பற்றரியை எதிர்க்கிறது. 9 வோல்ற்று பற்றரி, 10,000 ஓம் தடையி, 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கினால் 10 செக்கன் வரும். முதல் 10 செக்கனில் கொள்ளளவி சுமார் 5.7 வோல்ற்றுக்கு ஏறும். அடுத்த 10 செக்கனில் 7.8 வரைதான். 50 செக்கனில் ஏறக்குறைய முழுமை. பற்றரியை விலக்கி அதே தடையியூடாக இறக்கினால், முதல் 10 செக்கனில் 3.3 வோல்ற்றுக்கு விழும். பிறகு மெல்ல மெல்ல இறங்கும்.

இந்த நேரக்கணக்கு ஒருநாள் கடலுக்குள் வந்து நின்றது. தந்திக் கம்பிகளுக்கு மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவைப் பூசி நீருக்கடியில் இட்டபோது, சைகைகள் மங்கித் தாமதித்தன. இலண்டனில் அப்படிப் பூசிய 100 மைல் கம்பியை நீரில் அமிழ்த்தி, பற்றரியை ஒரு கணம் தொட்டு எடுத்தார்கள். பிறகு கம்பியைத் தொட்டவருக்கு அதிர்ச்சி அடித்தது. காற்றில் வைத்த அதே வகைக் கம்பியில் அப்படி நடக்கவில்லை. 1854 இல் பரடே விளக்கினார்: செப்புக் கம்பி உள்தகடு, கடல்நீர் வெளித்தகடு, நடுவில் மின்னுழையம், மொத்தத்தில் மைல்கணக்கில் நீண்ட லெய்டன் சாடி. ஒவ்வொரு சைகையும் அதை ஏற்றி இறக்கியே போக வேண்டும். கணிதம் அவருக்கு வராது. அக்கணக்கை வில்லியம் தொம்சன் எழுதினார்.

எல்லாரும் கேட்கவில்லை. 1858 அத்திலாந்திக் கம்பியில் அரசியின் 98 சொற் செய்தி போய்ச்சேரச் சுமார் 16 மணித்தியாலம் பிடித்தது. பொறுமையிழந்த வைட்ஹவுஸ் என்பவர் ஏறக்குறைய 2000 வோல்ற்றைச் செலுத்தினார். சில கிழமைகளில் கம்பி செத்தது. பெருந்தொகைப் பணம் கடலோடு போயிற்று. (கிணற்று நீர் வரத் தாமதித்தால் வாளியை உடைப்பாரும் உண்டு.) தடித்த செம்பும் நுண்ணிய கருவியும் குறைந்த அழுத்தமும் கொண்டு 1866 இல் அடுத்த கம்பி நிலைத்தது.

அதைக் கேள்விப்படப் பரடே உயிரோடிருந்தார். ஆனால் நினைவாற்றல் நெடுநாளாகவே தளர்ந்திருந்தது. கொட்டியாரக் குடாவின் வெளிச்சவீட்டைத் தெரிந்த நமக்கு இன்னொரு செய்தி: சுமார் முப்பது ஆண்டுகள் அவர் இங்கிலாந்தின் வெளிச்சவீடுகளுக்கும் ஆலோசகராக இருந்தார். நைற் பட்டமும் றோயல் சொசைற்றித் தலைவர் பதவியும் தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1867 ஓகஸ்ட் 25 ஆம் திகதி தன் வாசிப்பறை நாற்காலியில் இருந்தபடியே கண்மூடினார். அவர் விரும்பியபடியே ஆடம்பரமில்லாமல் ஹைகேற் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.