எண்ண முடியாததை எண்ணியவர்

ஆய்வகத்தில் 6.3 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகத்தை நிறுத்து, அதன் மூலக்கூறு எடையாகிய 126 ஆல் வகுத்து, 0.05 மோல் என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். வகுத்தல் தெரிந்தால் விடை வந்துவிடும். ஆனால் ஒரு மோலுக்குள் எத்தனை மூலக்கூறுகள் என்று கண்டு சொல்ல ஒரு மனிதர் பட்ட பாட்டை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் பிரெஞ்சு அறிஞர் ழான் பெரென்.

அவர் 1870-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் லீல் நகரில் பிறந்தார். படை அதிகாரியான தந்தை பிரஷ்யப் போரில் பட்ட காயத்தால் மறைய, தாயே வளர்த்து ஆளாக்கினார். கேத்தோடு கதிர்கள் எதிர் மின்னூட்டம் உடையவை என்று 1895-இல் காட்டிய பெரென், பின்னர் பாரிஸ் சோர்போனில் ஆசிரியரானார்.

அந்நாளில் அணுவும் மூலக்கூறும் கணக்குக்கு உதவும் கற்பனையே என்று கருதியோர் பலர். மோல் என்ற சொல்லைத் தந்த ஆஸ்ட்வால்டே அணுக்களை நம்பவில்லை! கற்பனைப் பொருளை எண்ணுவது எப்படி?

பாரதியார் அடைக்கலம் தேடி நம் புதுவைக்கு வந்த அதே 1908-இல், பெரென் இந்த ஐயத்தைத் தீர்க்க முனைந்தார். கம்போடியாவின் பெயரால் வழங்கும் காம்போஜ் என்னும் மஞ்சள் மரப்பிசினை நீரில் தேய்த்து, ஒரே அளவுள்ள துகள்களைப் பிரித்தார். ஒரு கிலோ பிசினிலிருந்து பல மாத உழைப்பில் கிடைத்தது ஒரு கிராமுக்கும் குறைவே. அவற்றை ஒரு துளி நீரில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியால் வெவ்வேறு உயரங்களில் எண்ணினார். மலை ஏற ஏறக் காற்று மெலிவது போல், மேலே செல்லச் செல்லத் துகள்கள் குறைந்தன. துகளின் எடையையும் குறையும் விகிதத்தையும் கொண்டு, வாயு விதியின் துணையால் மோலின் எண்ணிக்கையைக் கணித்தார்.

1909-இல் அவர் வெளியிட்ட மதிப்பு 7.05 × 10²³. அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. 1856-இல் மறைந்த இத்தாலிய அறிஞர் அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். ஆஸ்ட்வால்டும் அணுக்கொள்கையை ஏற்றார். 1926-இல் நோபல் பரிசு பெரெனைத் தேடி வந்தது.

ஜெர்மானியப் படை 1940-இல் பிரான்சைக் கைப்பற்றியபின் அவர் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்து, 1942 ஏப்ரல் 17-இல் நியூயார்க்கில் காலமானார். 1948-இல் தாயகம் அவரது எச்சங்களைப் பாரிஸ் பாந்தியோனில் வைத்துப் போற்றியது.

2019 முதல் 6.02214076 × 10²³ என்ற எண்ணே மோலின் இலக்கணம். நண்பர்களே! அடுத்த முறை தராசின் முன் நிற்கும்போது, துகள் துகளாக எண்ணிய அந்தப் பொறுமையை ஒரு கணம் நினைப்போம்.