அச்சகத்தை இழந்த வக்கம் மௌலவி

பத்திரிகைச் சுதந்திரம் என்றதும் சிறை சென்ற ஆசிரியர்களும் நாடு கடத்தப்பட்ட எழுத்தாளர்களுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். பத்திரிகைக்குப் பணம் போட்டவரை யாரும் அதிகம் நினைப்பதில்லை. ஆசிரியர் எவ்வளவு துணிந்து எழுதினாலும், முதலாளி நடுங்கினால் அந்த எழுத்து மேசையைத் தாண்டி வெளியே வராது. நடுங்காத முதலாளி ஒருவரின் வரலாற்றை இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறோம்.

அவர் மர்ஹூம் வக்கம் முஹம்மது அப்துல் காதர் மௌலவி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், சிறையின்கீழை அடுத்த வக்கம் என்ற சிற்றூரில் 1873 டிசம்பர் 28 அன்று பிறந்தார். திருவிதாங்கூர் நமக்கு அந்நிய சீமையன்று. தக்கலை, தேங்காய்ப்பட்டணம், செங்கோட்டை எல்லாம் அந்த மன்னரின் ஆட்சியில் இருந்த ஊர்களே. 1956இல்தான் அவை தமிழகத்தோடு சேர்ந்தன. அவ்வூர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் பாட்டனார் வாழ்ந்த நாட்டின் கதையாகவே இதை வாசிக்கலாம்.

வசதியான குடும்பத்தில் பிறந்த மௌலவி அரபு, பார்சி, உருது, சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் கற்றவர். எகிப்திலிருந்து ரஷீத் ரிளா வெளியிட்ட அல்மனார் இதழை ஆர்வத்தோடு படித்து வந்தவர். குடும்பச் சொத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் தருவித்தார். அதற்கு 12,000 ரூபாய் ஆயிற்று என்பர். அக்காலத்தில் அது ஒரு பெரும் சொத்தின் விலை. 1905 ஜனவரி 19 அன்று அஞ்சுதெங்கிலிருந்து ‘சுதேசாபிமானி’ வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 31.

மறு ஆண்டு கே. ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியரானார். நெய்யாற்றின்கரைக்காரர், இருபத்தேழு வயது இளைஞர், அஞ்சாத பேனா. 1907இல் பத்திரிகையும் அச்சகமும் திருவனந்தபுரத்துக்கே போயின. அரண்மனைக்கும் திவான் கச்சேரிக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதிகாரிகளின் லஞ்சத்தையும் திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நடத்தையையும் ராமகிருஷ்ண பிள்ளை கடுமையாக எழுதினார். திவான் நம் தமிழர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுதுவதற்கு முன் முதலாளியிடம் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை. இது தம் முதலுக்கு ஆபத்து என்று மௌலவிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் ஆசிரியரின் கையைப் பிடிக்கவில்லை.

அப்படிக் கொடுத்த சுதந்திரத்தில் நமக்கு உவப்பில்லாததும் அச்சேறியது. அய்யங்காளி போராடிப் பெற்றுத்தந்த பள்ளி நுழைவு உரிமையின்படி புலையர் பிள்ளைகள் மற்றச் சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்வதை ராமகிருஷ்ண பிள்ளை 1910இல் எதிர்த்து எழுதினார். அவரைப் போற்றும் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல.

1910 செப்டம்பர் 26. மன்னர் மூலம் திருநாளின் ஆணைப்படி பத்திரிகை நிறுத்தப்பட்டது, அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது, ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார். வழக்கில்லை, விசாரணையில்லை. போலீசார் ராமகிருஷ்ண பிள்ளையை ஆரல்வாய்மொழி வழியாக எல்லை கடத்தித் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். அதன்பின் சென்னை, பாலக்காடு, கடைசியில் கண்ணூர் என்று அலைந்து, பத்திரிகைத் தொழிலைப் பற்றியும் கார்ல் மார்க்ஸைப் பற்றியும் மலையாளத்தில் நூல்கள் எழுதினார். 1916 மார்ச் 28 அன்று காசநோயால் கண்ணூரில் இறந்தார். முப்பத்தெட்டு வயது நிரம்பவில்லை. சொந்த ஊருக்குத் திரும்ப அவருக்கு வாய்க்கவில்லை.

மௌலவியைக் கைது செய்யவில்லை. அதனாலேயே அவருடைய சோதனை கடினமானது என்று நாம் கருதுகிறோம். மன்னரிடம் மன்றாடி மனுப்போட்டு அச்சகத்தைக் கேட்டு வாங்கும்படி நண்பர்கள் சொன்னார்கள். ஆசிரியர் மீது பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளவும் வழியிருந்தது. தம் ஆசிரியர் இல்லாத அச்சகம் தமக்கு எதற்கு என்பதே மௌலவியின் நிலை. பன்னிரண்டாயிரம் ரூபாய் இயந்திரம் அரசாங்கத்தின் கையில் கிடந்தது. அவர் அதன் வாசலில் போய் நிற்கவில்லை.

அச்சகம் போனதற்காகப் பேனாவையும் கீழே வைத்துவிடவில்லை. 1906இலேயே ‘முஸ்லிம்’ என்ற மாத இதழைத் தொடங்கியிருந்த அவர், 1918இல் ‘அல் இஸ்லாம்’ நடத்தினார். நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியதைப் போல, அது அரபு எழுத்தில் அமைந்த மலையாளம். வீட்டுப் பெண்களும் வாசிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஐந்து இதழ்களோடு நின்றுபோனது. 1931இல் ‘தீபிகா’ என்று மீண்டும் ஓர் இதழ். அரசுப் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அரபு கற்பிக்க ஏற்பாடாக வேண்டுமென்று அதே சமஸ்தான அரசிடம் வாதாடினார். அதில் பலனும் கண்டார். சமுதாயத்தின் பிள்ளைகளுக்காக அரசிடம் கேட்கத் தயங்காதவர், தம் சொத்துக்காகக் கேட்கவில்லை.

1932இல் மௌலவி வஃபாத்தானார். சமஸ்தானம் போய், திவான் பதவியும் போய், கேரள மாநிலம் பிறந்தது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சராக இருந்த காலத்தில், பறிமுதலான அந்த அச்சு இயந்திரத்தை அரசாங்கம் மௌலவியின் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தது.