பெட்ரோல் இல்லை, டயர் இல்லை... ஆனாலும் பஸ் ஓடியது! யார் இந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார்?

டிவிஎஸ் என்றாலே இன்றைக்குப் பலருக்கும் பைக்கும் எக்ஸ்எல் மொபெட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரில் ஒரு பைக்கூட வெளிவரவில்லை. திருக்குறுங்குடி வேங்கராம் சுந்தரம் ஐயங்கார் பார்த்த வேலையே வேற. எங்கிருந்தோ வந்த வண்டிகளை நம்ம ஊர் ரோட்டில் நிற்காமல் ஓட வைப்பது.

அவர் பிறந்தது 1877 மார்ச் 22, திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில். அப்போது தூத்துக்குடியும் இதே மாவட்டம்தான். முத்துக்குளிப்புக்குப் பேர்போன அந்த ஊருக்கு ரயில் வந்து சேர்ந்தது அதற்கு முந்தைய வருஷம், 1876-ல். கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பல் ஏறுவார்கள். பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது, கடலிலேயே நிற்கும். சரக்கை ஏற்றி இறக்கத் தோணிதான். சரி, தண்டவாளம் இல்லாத ஊர்களுக்கு? மாட்டு வண்டியை விட்டால் வழியில்லை. பருத்தி, உப்பு, கருப்பட்டி எல்லாமே மாட்டின் வேகத்தில்தான் நகர்ந்தன.

சுந்தரம் ஐயங்கார் முதலில் வக்கீல். பிறகு ரயில்வே வேலை, அதற்கப்புறம் வங்கி வேலை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கும்போது வயது 34. அடுத்த வருஷமே பஸ் ஓட ஆரம்பித்தது. பின்னாளில் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் பஸ்ஸும் லாரியும் சேர்ந்தே ஓடின.

அந்தக் காலத்தில் பஸ் விடுவதில் பெரிய தலைவலி எது தெரியுமா? பஞ்சர்! மாட்டுக்கு அடித்த லாட ஆணிகள் கழன்று ரோடு முழுக்கக் கிடக்கும். சுந்தரம் ஐயங்கார் கண்டுபிடித்த வழி, காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கி எடுப்பது. டயர் கிழிந்த பிறகு ஒட்டுவதைவிட, கிழியாமல் பார்த்துக்கொள்வது லாபம் என்ற கணக்கு. டிவிஎஸ் பஸ் நேரம் தவறாது என்று பெயர் வாங்கியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பட்டறை வேலைகள் நிறைய உண்டு.

உண்மையான சோதனை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1942-ல் மலேயா ஜப்பான் கைக்குப் போனது, ரப்பர் வரத்து சுருங்கியது. அதே வருஷம் பர்மாவும் போனது. இந்தியாவுக்கு வந்த எண்ணெயும் அரிசியும் சேர்ந்தே நின்றன. பெட்ரோலுக்கு ரேஷன். புது டயர் கிடைத்தால் அது ராணுவத்துக்கு. பஸ் நின்றால் சந்தைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லாரும் மறுபடி மாட்டு வண்டிக்கே திரும்ப வேண்டிய நிலை.

அப்போது உருவாக்கியதுதான் டிவிஎஸ் கேஸ் பிளான்ட். கரி கேஸ் வண்டி என்றால் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குப் புரியும். வண்டியோடு ஒரு உலை பொருத்தி, அதில் கரியை எரிப்பார்கள். காற்று குறைவாக விட்டு எரிக்கும்போது கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிர வைத்து, சாம்பல், தூசியை வடிகட்டி இன்ஜினுக்கு விட வேண்டும். கேட்க சுலபம், ஆனா டிரைவர் பாடு திண்டாட்டம். கிளம்புவதற்கு முன்பே நெருப்பு மூட்டணும், சாம்பல் அள்ளணும், பில்டரைச் சுத்தம் செய்யணும். பெட்ரோலில் கிடைக்கும் இழுவையும் கிடைக்காது, மேடு வந்தால் திணறும். தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பரை வைத்து, சூட்டில் வேக வைத்து ஒட்டும் ரீட்ரேடிங் தொழிற்சாலைகளையும் அவர் இதே காலத்தில்தான் தொடங்கினார்.

1945-ல் போர் முடிந்தது. ராணுவத்துக்குத் தேவையில்லாத வண்டிகளை அரசு விற்கத் தொடங்கியது. இவைதான் டிஸ்போசல் லாரிகள். புது லாரி கிடைக்காத நேரம் என்பதால் அதற்கும் கிராக்கி இருந்தது. இதில் முக்கியமானவை கனடா வடிவமைப்பில் வந்த செவர்லே, ஃபோர்டு லாரிகள். மூக்கு சப்பையாக, முன்பக்கம் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். பாகங்களாகக் கப்பலில் வந்து பம்பாயில் கோக்கப்பட்டவையும் அதில் உண்டு.

மலிவாகக் கிடைக்கும் லாரியை வாங்கிப் போட்டால் போதுமா? அங்கேதான் சிக்கலே. எங்கே ஓடியது, எவ்வளவு ஓடியது என்ற சரித்திரம் தெரியாத வண்டி. பல லாரிகளில் முன் சக்கரத்துக்கும் இழுவை உண்டு. சேற்றுக்கும் மணலுக்கும் அது சரி. சாதாரண ரோட்டில் கூடுதல் எடை, கூடுதல் தேய்மானம், கூடுதல் பெட்ரோல். சக்கரம் இன்னும் ஆபத்து. சில லாரிகளில் ரிம் இரண்டு துண்டாக இருக்கும். அவற்றை இணைக்க ஒரு வரிசை நட்டு, சக்கரத்தை வண்டியோடு பிடிக்க இன்னொரு வரிசை நட்டு. டயரில் காற்று இருக்கும்போது தெரியாமல் ரிம் நட்டைக் கழற்றினால் ரிம் பிளந்து தெறிக்கும். ஆள் உயிரே போகலாம். பழக்கமில்லாத பட்டறையில் கை வைக்கக் கூடாத வண்டி அது.

ஒரே ஆறுதல், இன்ஜின். செவர்லே ராணுவ லாரியில் இருந்தது, அதே கம்பெனியின் சாதாரண லாரிகளில் ஓடிய 216 கன அங்குல, 6 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்தான். அதைப் பிரித்து மாட்டிப் பழகிய மெக்கானிக்குகள் ஏற்கனவே இருந்தார்கள். அவர்கள் இருந்தது ஜெனரல் மோட்டார்ஸ் விநியோகஸ்தர்களின் பட்டறைகளில். சுந்தரம் ஐயங்கார் குடும்பத்தின் தொழிலும் அதுவே. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸின் மிகப்பெரிய விநியோகஸ்தராக இருந்தது அவர்களுடைய சுந்தரம் மோட்டார்ஸ். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்ற நிறுவனமும் அவர் தொடங்கியதுதான். கவனித்தால் தெரியும், பெயரிலேயே சர்வீஸ் இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் அவர் காலத்துக்கு ஒத்துவராத ஒரு விஷயம் நடந்தது. இளம் வயதில் கணவரை இழந்த மகள் சௌந்தரம் மூலையில் முடங்கவில்லை, டெல்லி போய் டாக்டருக்குப் படித்தார். 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர்கள் இந்தத் தம்பதிதான்.

தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கிய சுந்தரம் ஐயங்கார், 1955 ஏப்ரல் 28-ம் தேதி கொடைக்கானல் வீட்டில் காலமானார். அதற்கு முந்தைய வருஷம், மகன் டி.எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் லாரி வாங்கக் கடன் கொடுக்க ஆரம்பித்திருந்தது. பிரேக், சக்கரம், நட்டு போல்ட்டு என்று பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் வந்ததெல்லாம் 1960-களில். 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. சதர்ன் ரோடுவேஸ் லாரிகள் மட்டும் தொடர்ந்து பார்சல் ஏற்றிக்கொண்டு ஓடின.