கத்தியில்லாமல் அடைப்பெடுத்த சார்லஸ் டாட்டர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டார். விடுதி நினைவுகளை எழுதப் பலர் இருக்கிறார்கள். இயந்திரவியல் படித்த நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

என் அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். மூன்று வருஷம் முன்பு ஒரு காலையில் அவருக்கு வலது கை விழுந்து, வாய் கோணி, பேச்சும் நின்றுபோச்சு. வாதம்தான், புறா ரத்தம் தடவினால் சரியாப் போயிரும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு ஒரு மணி நேரத்தைத் தொலைத்தோம். அப்புறம்தான் காரில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு ஓடினோம். ஸ்கேனில், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருப்பது தெரிந்தது. தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயை மூளை வரைக்கும் செலுத்தி, கம்பி வலையால் கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். போர்வெல்லில் விழுந்த மோட்டாரை எடுக்கிற மாதிரி இருந்தது எனக்கு. இந்த யோசனைக்கு வழிபோட்டவர் யார் என்று தேடியபோது கிடைத்த பெயர்தான் சார்லஸ் டாட்டர்.

1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். 32 வயதிலேயே ஆரிகன் மருத்துவக் கல்லூரியில் கதிரியக்கத் துறைத் தலைவரானார். எக்ஸ்ரே டாக்டர் என்றால் படம் எடுத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்றிருந்த காலம் அது. டாட்டரோ, படம் எடுக்க உள்ளே விடும் குழாயாலேயே அடைப்பையும் நீக்கலாமே என்று யோசித்தார். கிதார் தந்தி, கார் ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்துக் கருவி செய்து பார்த்தார். நம்ம பட்டறைக்காரர் புத்திதான்!

1964 ஜனவரி 16 அன்று, கால் அழுகிய 82 வயது மூதாட்டி ஒருவர் அவரிடம் வந்தார். காலை எடுக்கச் சொன்ன டாக்டர்களிடம் மாட்டேன் என்று மறுத்தவர். டாட்டர் மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பெரிய குழாய்களை ஏற்றி, தொடை ரத்தக் குழாயின் அடைப்பை விரித்துவிட்டார். அந்த அம்மாள் கடைசி வரை தன் சொந்தக் காலிலேயே நடந்தார்.

ஆனாலும் சொந்த நாட்டு அறுவை மருத்துவர்கள் அவரைக் கிறுக்கு சார்லி என்றே கேலி செய்தார்கள். அவர் அசரவில்லை. இன்றைய ஸ்டென்டுக்கு முன்னோடியான கம்பிச் சுருளை நாய்களின் ரத்தக் குழாயில் வைத்துச் சோதித்து 1969-இல் வெளியிட்டார். குழாய் வழியாகவே மருந்து விட்டுக் கட்டியைக் கரைக்கும் முறையை 1974-இல் எழுதினார். புற்றுநோயோடு போராடிக்கொண்டே மலையேறினார். 1978-இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1985-இல் காலமானார்.

அவர் சரிசெய்தது பெரும்பாலும் கால் ரத்தக் குழாய்களைத்தான். அதே வழியில் மற்றவர்கள் இதயத்துக்கும், பின்னர் மூளைக்கும் போனார்கள். மூளை அடைப்புக்கு இந்த முறை நிச்சயம் பலன் தருகிறது என்பதை 2015-இல் வெளியான ஆய்வுகள் உறுதி செய்தன.

கருவி வந்துவிட்டது, நேரம்தான் நம் கையில் இருக்கிறது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. கட்டி கரைக்கும் ஊசியை நாலரை மணிக்குள் போட வேண்டும். குழாய் சிகிச்சைக்குப் பொதுவாக 6 மணி நேரம். ஸ்கேன் பார்த்துச் சிலருக்கு மட்டும் 24 மணி வரை. வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

அப்பா இப்போது நடக்கிறார், பேசுகிறார், கையெழுத்தும் போடுகிறார். வெல்டிங் ராடு மட்டும் பிடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் வீணான அந்த ஒரு மணி நேரம் உங்கள் வீட்டில் வீணாகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதினேன்.