நீலகிரியில் உயிரிழந்த கணித மேதை: கூடைப்பந்து கோச்சுகள் ஆபிரகாம் வால்டை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

1950 டிசம்பர் 13. ஏர் இந்தியாவின் டிசி-3 ரக விமானம் ஒன்று நீலகிரி மலையில் மோதி நொறுங்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆபிரகாம் வால்டும் அவருடைய மனைவி லூசிலும் இருந்தார்கள். இந்தியாவில் புள்ளியியல் விரிவுரைகள் நடத்த வந்த பயணம் அது. வால்டுக்கு அப்போது வயது 48.

வால்ட் விளையாட்டுத் துறை ஆள் இல்லை. ஆனால் ஸ்கோர்ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று முழிக்கும் எந்த கோச்சுக்கும் இரண்டு சிக்கல்கள் வரும். பேப்பரில் பதிவாகாததை எப்படிக் கணக்கில் எடுப்பது? எவ்வளவு பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்? இரண்டுக்கும் இந்த மனிதரிடம் பதில் இருக்கிறது.

யார் இந்த வால்ட்?

1902 அக்டோபர் 31-ல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்தவர். ஊர், இன்று ருமேனியாவில் இருக்கும் க்ளூஜ். ஆசாரமான யூதக் குடும்பம். உள்ளூர்ப் பள்ளி சனிக்கிழமையும் நடக்கும்; யூதர்களுக்கோ சனிக்கிழமை ஓய்வுநாள். அதனால் பையனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

பிறகு வியன்னா போனார். கார்ல் மெங்கரிடம் ஆய்வு செய்து 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். திறமை இருந்தும் யூதர் என்பதால் பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் தன் ஆய்வு நிறுவனத்தில் இடம் கொடுத்தார். சுத்தக் கணக்கில் இருந்தவர் நிஜ உலக டேட்டா பக்கம் திரும்பியது அங்கேதான்.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தார். அதே ஆண்டு வால்ட் அமெரிக்காவுக்குத் தப்பினார். ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட பெற்றோரும் உடன்பிறந்தவர்களில் பெரும்பாலானோரும் நாஜிகளின் இன அழிப்பில் கொல்லப்பட்டார்கள். ஒரு சகோதரர் மட்டும் மிஞ்சினார்.

திரும்பி வராத விமானங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது, ராணுவத்துக்குக் கணக்குப் போட கொலம்பியாவில் புள்ளியியல் ஆய்வுக் குழு ஒன்று இயங்கியது. வால்ட் அதில் சேர்ந்தார். எதிரி நாட்டில் பிறந்தவர் என்பதால் சட்டப்படி அவரே சந்தேகப் பட்டியலில்தான் இருந்தார்.

அவரிடம் வந்த ஒரு கேள்வி: குண்டுவீச்சு விமானத்தில் எந்தப் பகுதி அடி தாங்காது? கையில் இருந்த டேட்டா, சண்டைக்குப் போய்த் திரும்பி வந்த விமானங்களின் ஓட்டைகள் மட்டுமே. ஓட்டை அதிகம் இருக்கும் இடத்தில் கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்டின் கணக்கு வேறு மாதிரி போனது. விழுந்துபோன விமானங்களின் ஓட்டைகளை யாரும் எண்ணவில்லையே? திரும்பி வந்தவற்றின் இன்ஜினில் ஓட்டை குறைவு என்றால், இன்ஜினில் அடி வாங்கியவை வரவே இல்லை என்று அர்த்தம்.

இதை அவர் வெறும் பேச்சாக விடவில்லை. 1943-ல் எழுதிய குறிப்புகளில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். 400 விமானங்கள் போகின்றன, 380 திரும்புகின்றன. அதில் 320-ல் ஒரு கீறல்கூட இல்லை. மீதி 60-ல் எதில் எத்தனை அடி என்ற விவரத்தை வைத்து, காணாமல்போன 20 எத்தனையாவது அடியில் விழுந்திருக்கும் என்று கணக்கிடும் வழியைக் காட்டினார். இணையத்தில் சுற்றுகிற சிவப்புப் புள்ளி வைத்த விமானப் படம் அவர் வரைந்ததல்ல. பின்னாளில் யாரோ விளக்கத்துக்காகப் போட்டது.

ஸ்கோர்ஷீட்டில் விழாத பந்து

இதை ஒரு கூடைப்பந்து மைதானத்துக்குக் கொண்டு வருவோம். மதுரை நாகமலை புதுக்கோட்டையில் ஒரு காலேஜ் டீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிளேயர் 10 ஷாட் போட்டு 6 உள்ளே. இரண்டாவது பிளேயர் 10-க்கு 5. எல்லாமே இரண்டு பாயின்ட் ஷாட்தான். யார் பெட்டர்? பேப்பர் முதல் ஆளைத்தான் சொல்லும்.

ஆனால் அந்தப் பேப்பரில் இருப்பது ஷாட் வரைக்கும் பிழைத்து வந்த பந்துகள் மட்டுமே. முதல் ஆள் ஷாட் போடும் முன்பே 6 முறை பந்தைப் பறிகொடுத்தார், இரண்டாவது ஆள் ஒரே முறை என்றால் கணக்கு மாறும். முதல் ஆள்: 16 வாய்ப்பில் 12 பாயின்ட், வாய்ப்புக்கு 0.75. இரண்டாவது ஆள்: 11 வாய்ப்பில் 10 பாயின்ட், வாய்ப்புக்கு 0.91. இப்போது யாரை இறக்குவீங்க?

வாய்ப்புக்கு எத்தனை பாயின்ட் என்று பார்க்கும் இந்த வழியை அமெரிக்க காலேஜ் கோச் டீன் ஸ்மித் 1950-களிலேயே பயன்படுத்தினார். இன்றைய கூடைப்பந்து அனலிடிக்ஸின் அடித்தளமே அதுதான். டிஃபென்ஸுக்கும் இதே கதை: நல்ல டிஃபெண்டர் காவல் காக்கும் ஆளுக்குப் பந்தே வராது. வராத பந்தை ஸ்கோர்ஷீட் எண்ணாது.

எத்தனை ஷாட் பார்த்தால் போதும்?

1943-ல் இன்னொரு சிக்கல். வெடிபொருட்களைச் சோதிக்கும்போது, இத்தனை முறை என்று முன்பே எண்ணிக்கையை முடிவு செய்துவிடுவார்கள். பாதியிலேயே விடை தெரிந்தாலும் மீதியையும் சுட்டுத் தீர்க்க வேண்டும். குழுவின் தலைவர் ஆலன் வாலிஸும் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மனும் இதை வால்டிடம் கொண்டு போனார்கள்.

வால்ட் தந்த முறைக்குப் பெயர் தொடர்முறைப் பகுப்பாய்வு. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் மூன்று வழிகள்: ஏற்றுக்கொள், நிராகரி, தொடர்ந்து பார். பல நேரங்களில் சோதனைகளின் எண்ணிக்கை சராசரியாகப் பாதியானது. ராணுவ ரகசியமாக இருந்த இந்த முறை போர் முடியும் நேரத்தில்தான் வெளியே வந்தது, 1947-ல் புத்தகமானது.

மைதானத்தில் இது எப்படி? புதுப் பையன் ஃப்ரீ த்ரோவில் 50 சதவீத ஆளா, 75 சதவீத ஆளா என்று தெரிய வேண்டும். தப்பாக முடிவெடுக்கும் வாய்ப்பு இரண்டு பக்கமும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 1-ல் ஆரம்பியுங்கள். ஷாட் விழுந்தால் 1.5-ஆல் பெருக்குங்கள், தவறினால் பாதியாக்குங்கள். 19-ஐத் தாண்டினால் அவர் 75 ஆள். 19-ல் ஒரு பங்குக்குக் கீழே போனால் 50 ஆள். முதல் 8-ம் வரிசையாக விழுந்தாலோ, முதல் 5-ம் வரிசையாகத் தவறினாலோ அங்கேயே நிறுத்தலாம். கலந்து வந்தால் தொடர வேண்டும்.

ஒரே கண்டிஷன்: எல்லைக்கோட்டை முதலிலேயே போட வேண்டும். பிடித்த பையன் நாலு ஷாட் போட்டதும், போதும் தம்பி என்று நிறுத்தினால் அது வால்ட் முறை இல்லை, ஓரவஞ்சனை.

விட்டுப் போனது

இன்று மருந்துப் பரிசோதனையைப் பாதியில் நிறுத்தலாமா என்று முடிவு செய்வதிலும், ஆப்களில் எந்த டிசைன் எடுபடுகிறது என்று பார்க்கும் சோதனைகளிலும் இந்த யோசனை இருக்கிறது. முடிவெடுப்பது பற்றிய அவருடைய முக்கியமான புத்தகம் வந்த அதே 1950-ல்தான் விபத்தும் நடந்தது.

வால்ட் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள், பெட்டி, ராபர்ட். விபத்தின்போது ராபர்ட்டுக்கு வயது மூன்று. வளர்ந்து இயற்பியலாளரான ராபர்ட் வால்ட், சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பொதுச் சார்பியல் பற்றி அவர் 1984-ல் எழுதிய புத்தகம் இன்றும் பாடநூலாக இருக்கிறது.

லேப்டாப், சாஃப்ட்வேர் எதுவும் இல்லாத டீமும் வால்டைப் பின்பற்றலாம். ஸ்கோர் நோட்டில் ஒரு கோடு கூடுதலாகப் போட்டு, ஷாட்டாக மாறாமல் போன பந்துகளையும் எழுத ஆரம்பித்தால் போதும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்கு அடுத்த மேட்ச்சில் இடம் கிடைக்கலாம்.